புளிப்பு, கிலோவுக்கு இரண்டு யூரோ

நான்கு நாள், மூன்று எல்லை, ஒரு கப்பல் தாண்டி
ஞாயிற்றுக்கிழமை காலை
பாரி துறைமுகத்தின் பின்பக்கம் வந்து நிற்கும்
அவ்தாந்திலின் வெள்ளை வேன்.
ஜார்ஜியாக்காரிகள் நாற்பது பேர்
வாரத்தின் ஒரே லீவு நாளில்
பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் நிற்போம்.

"லமாரா, உன்னுடையது உடைந்துவிட்டது."

பல்கேரியாவில் ஏதோ பள்ளமாம்.
அக்கா அனுப்பிய த்கெமாலி,
பச்சைப் பிளம் காயை வேகவைத்து மசித்து
பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சுவது,
அட்டைப்பெட்டி முழுக்க ஓடி
அக்ரூட் ஓடுகளில் ஒட்டி
கம்பளிக் காலுறை இரண்டிலும் ஊறியிருந்தது.
வாடகையைத் திருப்பி நீட்டினான். வாங்கவில்லை.
வேனுக்குப் பின்னால் போய்
கண்ணாடிச் சில்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு
காலுறையைச் சப்பினேன்.
நாற்பத்தாறு வயதில்.
பல் கூசியது. காது மடல்வரை கூசியது.
புதுக் காலுறைதான், யாரும் போட்டதில்லை
என்று சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் சந்தையில் வீத்தோவிடம் பிளம் கேட்டேன்.
கருநீலம் காட்டினான். மஞ்சள் காட்டினான்.
விரல் பட்டாலே சாறு விடும் சிவப்பு காட்டினான்.
காய் வேண்டும் என்றேன். பச்சையாய், கல் மாதிரி.
"அது இன்னும் ஆகவில்லை அம்மா,
பதினைந்து நாள் கழித்து வாருங்கள்."
இதே சொல்லை, இதே பதினைந்து நாளை
குடியேற்ற அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி
ஆறு வருடமாகச் சொல்கிறாள்.
ஆகாததுதான் வேண்டும் என்று
வீத்தோவிடமாவது சொல்ல முடிந்தது.
அவன் விரல்களைக் குவித்து ஆட்டினான்.
காயை விற்றால் அவன் அப்பா பேர் கெட்டுவிடுமாம்.

பஸ் டிப்போ மதிலோரம் ஒரு மரம்.
யாரும் நட்டதில்லை, யாரும் கேட்பதில்லை.
நான் பார்த்துக்கொள்ளும் கதால்தோ எழுவதற்குள்
விடியலில் போய்
சியாலா கிளையை வளைக்க நான் உருவினேன்.
டிரைவர் ஒருவன் பஸ்ஸை நிறுத்திக் கத்தினான்:
"வயிறு கெட்டுப்போகும்!"
கெடட்டும்.

மல்லித்தழை வங்காளிக் கடையில் கிடைத்தது.
பூண்டு, சதகுப்பை, காய்ந்த மிளகாய், எல்லாம்.
எங்கள் வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கும்
அந்தக் காட்டுப் புதினாவைத்தான் யாருக்கும் தெரியவில்லை.
பால்கனித் தொட்டியில் இருந்ததைக் கிள்ளிப் போட்டேன்.
நாக்கு, சரி என்றது.
மூக்கு, யார் நீ என்றது.
கதால்தோ ஒரு கரண்டி வாங்கி, ஒரு கண்ணை மூடி,
இறந்துபோன மனைவியின் பெயர் சொல்லி
என்னைத் திட்டினார்.

இரவு ரெவாஸ் போனில் வந்தான்.
மீசை வந்திருக்கிறது; கேமராவின் நிழல் என்று நினைத்தேன்.
"அம்மா, ரொட்டியில் தடவுகிற சாக்லேட் அனுப்பு,
பெரிய டப்பா."
புட்டி உடைந்த கதையைச் சொன்னேன்,
காலுறையை விட்டுவிட்டு.
சிரித்தான்.
"அது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினது அம்மா.
பெரியம்மா வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தாள்.
புட்டியைப் பிடித்துக்கொண்டதே நான்தான்.
இப்போது யார் வீட்டில் காய்ச்சுகிறார்கள்?"

அடுப்பில் இன்னும் சூடாக இருந்தது.
கரண்டியால் கிளறினேன், கிளற ஒன்றும் இல்லாமல்.
பல் கூசியது பொய்யில்லையே.

அடுத்த ஞாயிறு.
சோப்புத்தூள், காபிப்பொடி, மக்ரோனி என்று
ஊருக்குத் திரும்பும் பெட்டிகளுக்கு நடுவில்
இரண்டு புட்டி,
துவைத்த காலுறைக்குள் ஒன்று ஒன்றாக.
அதற்குக் கீழே பெரிய டப்பா.
"இங்கிருந்து அங்கே இதை அனுப்புவது நீ ஒருத்திதான்,"
அவ்தாந்தில் மூடியைத் திறந்து
விரலால் தொட்டு நக்கினான்.
முகம் முழுக்கச் சுருங்கியது.
கொஞ்ச நேரம் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"புதினா தப்பு."
"தெரியும். இறுக்கி மூடு.
பல்கேரியாவில் மெதுவாகப் போ."